எந்தப் புதூர்?

"எந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் போட, மாமா?"

சுடலைக்கண்ணன் கேட்டது இந்த ஒரு கேள்விதான். அதற்கே இசக்கிப்பாண்டிக்கு டீ புரையேறிவிட்டது.

சுடலைக்கண்ணன் அவருடைய மருமகள் கீதாவின் அண்ணன். பம்பாயில் திலக் நகரில் வீடு, செம்பூரில் மொபைல் கடை. கையில் போன் இருந்தால் எந்தக் காரியத்தையும் நின்ற நிலையில் முடித்துவிடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்க மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்தவன், தங்கச்சி மகள் தியாவின் தலையைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேச்சை எடுத்தான். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. முன்னால் விழுந்து கண்ணை மறைத்தது. ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துக் குழந்தைக்கே அலுத்துவிட்டது. மூன்று வயது முடிவதற்குள் மொட்டை போட்டாக வேண்டும். அதுவும் அப்பன்வழிச் சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து. பங்குனி உத்திரம் வேறு வருகிறது. தாய்மாமன் தயார், மடி தயார், டிக்கெட் எடுக்கப் போன் தயார். சாஸ்தாதான் பாக்கி.

"திருநெல்வேலியா, வள்ளியூரா, நாங்குநேரியா? எதுன்னு சொல்லுங்க மாமா, பட்டுன்னு போட்டுருதேன். லேட் பண்ணுனா வெயிட்டிங் லிஸ்ட்ல தொங்கணும்."

"சொல்லுதேன், சொல்லுதேன். அதுக்குள்ள என்ன?" என்றார் இசக்கிப்பாண்டி. துண்டால் வாயைத் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

அவருக்கு எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. இதுதான் விஷயம்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆளுக்கொரு காடு, குளக்கரை, ஆற்றங்கரை. அங்கே குடும்பத்துக்கென்று ஓர் அய்யன், அவர்தான் சாஸ்தா. வருஷம் முழுக்க எங்கே பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவர் வாசலில் போய் நின்றுவிட வேண்டும். கல்யாணம் பேச உட்கார்ந்தால் பையன் சம்பளத்துக்கு முன்னால் 'சாஸ்தா எது?' என்றுதான் கேட்பார்கள். உத்திரம் நெருங்கினால் கேம்ப்பே பாதி காலியாகிவிடும். 'சாஸ்தா தெரியாத பய' என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது.

இசக்கிப்பாண்டி அப்படி ஒரு பயல்தான். ஆனால் அது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குற்றம் அவருடையது இல்லை, அவருடைய அப்பா பூலோகத்துடையது. பூலோகம் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, சித்தப்பா வீட்டில் மாடு மேய்த்த பிள்ளை. ஒருநாள் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் மாட்டைத் தொலைத்துவிட்டார். சித்தப்பா கைக்குப் பயந்து, வீட்டுக்குப் போகாமல் அப்படியே ரயிலேறியவர், வண்டி வண்டியாக மாறிக் கடைசியில் பம்பாயில் இறங்கினார். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. பூலோகம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டால், "மாட்டைத் தொலைச்சவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லே போவ?" என்பார். ஊர் பேர் கேட்டால் "புதூரு" என்பார். அதற்கு மேல் கேட்டால் கதை விடுவார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் கிடையாது, மகாராசாதான் என்பார். ஒரு சக்கரம் கொடுத்து வயிறு நிறைய வடை தின்றேன் என்பார். "வண்டிச் சக்கரமா, சைக்கிள் சக்கரமா?" என்று கேம்ப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். அந்தக் காலத்தில் கேம்ப்பில் அவருக்கு 'ராசா' என்றே பட்டப்பெயர்.

சாஸ்தா எங்கே என்றால் மட்டும் சிரிக்கமாட்டார். "குகைக்குள்ள போயி வெளிய வந்தா எங்க அய்யன் இருக்காரு" என்பார். அதோடு சரி.

ஒரே ஒரு முறை, இசக்கிப்பாண்டி பையனாக இருந்தபோது, அம்மாவின் ஊர்க் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ரயிலேறினார்கள். கர்ஜத் தாண்டி வண்டி மலையேறியது. குகை வந்தது. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஊளையிட்டார்கள். பூலோகம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று, கும்பிட்டார். ஒவ்வொரு குகைக்கும் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். குகையை விட்டு வெளியே வந்ததும் ஒரு மரம், மரத்தடியில் செந்தூரம் பூசிய ஒரு கல். ஆகா, இவர்தான் நம் அய்யன் என்று பையன் முடிவுகட்டிவிட்டான். நீங்களோ நானோ அந்த வயதில் அந்த ஜன்னலில் இருந்திருந்தாலும் அதையேதான் முடிவுகட்டியிருப்போம்.

பூலோகம் இறந்த பிறகு உத்திரத்துக்குப் போகும் கடமை இசக்கிப்பாண்டிக்கு வந்தது. அவரும் போனார். பையைத் தூக்கிக்கொண்டு, "ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்று கேம்ப் முழுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் குகைகளுக்கு மேலே மலையில் இருக்கும் லோனாவாலாவுக்குப் போனார். நடந்துபோய் அந்த மரத்தைக் கண்டுபிடித்தார். தேங்காய் உடைத்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மராத்திக்காரர், இது ம்ஹசோபா, பொல்லாத சாமி, பார்த்துக் கும்பிடு என்றார். அய்யனுக்கு மராத்தியில் ம்ஹசோபா போலும் என்று எடுத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளே ஓர் உறுத்தல். சாஸ்தா என்றால் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற சாமி இல்லையா? கேம்ப்பில் ஒருத்தருக்குக்கூட மகாராஷ்டிராவில் சாஸ்தா இல்லையே? இதை வெளியே சொன்னால் 'ராசா'வுக்குக் கிடைத்த சிரிப்பில் பத்து மடங்கு தனக்குக் கிடைக்கும். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு எல்லா உத்திரத்துக்கும் இதே கூத்துதான். திருநெல்வேலி போய்த் திரும்ப ஆகும் நாட்களை ஸ்டேஷன் பக்கத்து தர்மசாலைச் சத்திரத்தில் கழிப்பார். மலைக்காற்று, மதியத் தூக்கம், சூடான வடாபாவ். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்கள் அவருக்கு வருஷத்திலேயே சுகமான நாட்கள். வீட்டுக்காரி விஜயலட்சுமி கூட வருகிறேன் என்றபோது, "அது ஆம்பளையாளு மட்டும் போற கோயிலுட்டி" என்று சொல்லி நிறுத்திவிட்டார். மகன் மாரிசெல்வத்துக்கு மொட்டை எடுத்தபோது பூலோகம் உயிரோடிருந்தார். திருச்செந்தூருக்கு நேர்ந்திருக்கிறேன் என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டதால் அந்தப் பிரச்சினை அப்போதே முடிந்தது. அவன் கல்யாணப் பேச்சில் 'சாஸ்தா எது?' என்று கேட்டபோது, 'குகைக்குள்ள போயி வெளிய வந்தா இருக்காரு' என்று அப்பா சொன்னதையே சொல்லிச் சமாளித்துவிட்டார்.

திரும்பி வரும்போது பிரசாதம் வேண்டுமே? திருநீறு மாட்டுங்காவிலேயே வாங்கிவிடலாம். கூடவே லோனாவாலாவில் விற்கும் வேர்க்கடலைச் சிக்கியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, தமிழ்ப் பேப்பரில் மடித்து, "வாற வழியில வாங்குனேன், கோயில்பட்டி கடலமிட்டாய்" என்று அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுப்பார். கேம்ப்பில் பாதிப் பேர் கோவில்பட்டியைச் சுற்றி உள்ளவர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதை அவர் வருஷம் தவறாமல் செய்துவந்தார்.

இப்போது மாட்டிக்கொண்டார். தியா பெண்பிள்ளைதான், ஆனால் குழந்தை. "சின்னப் பிள்ளைய கூட்டிட்டுப் போலாம்லா மாமா? நாங்க வெளிய நின்னுக்கிடுதோம்" என்று கீதா கேட்டுவிட்டாள். அவள் கேட்பது நியாயம். சுடலைக்கண்ணன் ஸ்டேஷன் கேட்பதும் நியாயம். சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு லோனாவாலாவில் இறங்கி, "இந்தா இருக்காரு எங்க சாஸ்தா" என்று ம்ஹசோபாவைக் காட்ட முடியுமா? குழந்தைக்கு முடி எடுக்க இடமில்லாத தாத்தா என்று ஆகிவிடுமே. அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இசக்கிப்பாண்டிக்குத் தையல் மெஷின் ரிப்பேர் வேலை. தாராவியில் கார்கானா என்கிற சிறு பட்டறைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் மெஷின்களைச் சரிபார்ப்பார். நைன்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஜெயினுலாப்தீனுடைய பை தைக்கும் கார்கானா. ஜெயினுலாப்தீனுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். இருவருக்கும் நீண்ட காலப் பழக்கம். அவருடைய மகள் ஷைஸ்தா காலேஜில் படிக்கிறாள், மாலை நேரத்தில் கணக்கு எழுதக் கார்கானாவுக்கு வருவாள். கணக்கை முடித்த கையோடு லேப்டாப்பில் வேறொன்றைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவாள்.

அன்று மெஷினுக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி, "அப்படி என்னம்மா பாக்க, சினிமாவா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள். எங்க வாப்பாவோட தாத்தா பினாங்குக்குக் கப்பல் ஏறிப் போனாராம். அவரைத் தேடுறேன். உலகத்துல எந்த ஊர்ல என்ன பழைய ரிக்கார்டு இருக்குன்னு இந்த சைட்ல கேட்டலாக் போட்டு வச்சிருக்காங்க. ஆளு பேர் தெரியலேன்னாலும் பரவால்ல. ஊர் பேர் போட்டுத் தேடலாம்."

பெல்ட் அவர் கையிலிருந்து நழுவியது. "ஊரு பேரு மட்டும் போட்டா போதுமா?"

"போதும். சுடச்சுட எல்லாம் வந்துடாது. சிலது இருக்கும், சிலது இருக்காது."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு," என்று ஆரம்பித்தார். "அவனுக்கு அவன் ஊரு எங்க இருக்குன்னு தெரியாது. பேரு மட்டும் தெரியும். புதூரு."

ஷைஸ்தா நிமிர்ந்து ஒருமுறை அவரைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

இடத்தின் பெயர் என்று ஒரு கட்டம். அதில் புதூர் என்று அடித்தாள். திரை நிரம்பியது. மதுரையில் புதூர், கோயம்புத்தூரில் புதூர், சேலத்தில் புதூர், ராமநாதபுரத்தில் புதூர். கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு புதூரில்தான் விழ வேண்டும். நம் ஆட்களுக்குப் புதிதாக நாலு வீடு கட்டினால் வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்.

"எந்தப் புதூர் அங்கிள்?"

"திருநெல்வேலிதாம்மா. வேற எது?" என்றார் இசக்கிப்பாண்டி உறுதியாக. கேம்ப்பில் யாரைக் கேட்டாலும் ஊர் திருநெல்வேலிதான். கேட்டவரும் அதற்குமேல் கேட்கமாட்டார்.

அப்படியும் பல புதூர்கள் மிஞ்சின. ஒவ்வொன்றையும் தொட்டால் அந்த இடத்துக்கு என்று ஒரு பக்கம் திறந்தது. என்னென்ன பதிவு இருக்கிறது என்ற விவரம், ஓரத்தில் சின்னதாக ஒரு மேப். அன்றிலிருந்து இசக்கிப்பாண்டிக்கு மாலை வேளை பிறந்துவிட்டது. மற்ற கார்கானா வேலைகளை வேகமாக முடித்துவிட்டு இங்கே வந்து ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அரை கிளாஸ் கட்டிங் சாய் வரும். ஷைஸ்தா ஒவ்வொரு புதூராகத் திறப்பாள். அவர் மேப்பை மட்டும் பார்ப்பார். ஒரு புதூரைச் சுற்றி உப்பளம். ஒன்றில் கரிசல் காடு, மலை என்ற பேச்சே இல்லை. ஒன்றில் பெரிய குளம், ரயில் கிடையாது. "இது அவன் ஊரு இல்ல" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். தேடுவது அவருக்குப் பிடித்துப்போனது. வாழ்நாளில் தெற்கே ஒன்றிரண்டு முறையே போனவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி திருநெல்வேலிச் சீமை முழுவதையும் சுற்றி வந்துவிட்டார்.

ஆனால் புதூர்கள் தீர்ந்துபோயின. அன்று காலையில்தான் சுடலைக்கண்ணன் போன் செய்து, "மாமா, நாளைக்குப் போட்டே ஆகணும், இல்லேன்னா சீட்டு கெடையாது" என்று சொல்லியிருந்தான்.

கடைசிப் புதூரும் இல்லை என்றானதும் இசக்கிப்பாண்டி சாயாவைக் கீழே வைத்தார். "விடும்மா. எங்கப்பா ஒரு ரீல் மாஸ்டரு. அந்தாளு சொன்னதை நம்பித் தேடுனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

'தெரிஞ்ச ஆளு' எப்போது 'எங்கப்பா' ஆனார் என்று அவருக்கே தெரியவில்லை. ஷைஸ்தா அதையும் கவனிக்காதது போலவே இருந்தாள்.

"ரீல்னா? என்ன சொன்னாங்க?"

"எங்க ஊருல வெள்ளக்காரன் கெடையாது, மகாராசாதாம்பாரு. காசுக்குப் பேரு சக்கரமாம். சக்கரம் குடுத்து வடை தின்னாராம். கேம்ப்பே சிரிக்கும்."

"சக்கரமா?" ஷைஸ்தா விரல்களை வேகமாக ஓட்டினாள். திரையில் சின்னச் சின்ன வெள்ளிக் காசுகள் வந்தன. "அங்கிள், இது நிஜமாவே காசுதான். திருவிதாங்கூர் ராஜா காசு. அவங்க ரீல் விடல."

இசக்கிப்பாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் காசைப் பார்த்தார். பட்டாணித் தோல் அளவுதான் இருந்தது. வடை வாங்கக்கூடிய காசு மாதிரித்தான் இருந்தது.

"நாமதான் தப்பு பண்ணிட்டோம்," என்றாள் ஷைஸ்தா. "இந்தக் கேட்டலாக்ல ஒவ்வொரு ஊரையும் அந்தக் காலத்துல யாரு ஆண்டாங்களோ அவங்களுக்குக் கீழதான் போட்டிருப்பாங்க. நாம மெட்ராஸ், திருநெல்வேலின்னு தேடிக்கிட்டே இருந்தோம். செங்கோட்டைப் பக்கமெல்லாம் அப்ப ராஜா கையில இருந்துச்சு. எங்க கடையநல்லூர்லேருந்து பக்கம்தான். வாப்பா சொல்லுவாங்க." பேசிக்கொண்டே மெட்ராஸை அழித்துவிட்டுத் திருவிதாங்கூர் என்று போட்டாள். அதற்குள் செங்கோட்டை. அதற்குள் ஒரே ஒரு புதூர்.

பக்கம் திறந்தது. நிலத்தீர்வைப் பதிவு ஒன்று எங்கோ ஒரு நூலகத்தில் இருக்கிறது, படம் எடுக்கப்படவில்லை என்று ஒற்றை வரி. ஷைஸ்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "ச்சே, ஒண்ணுமே இல்ல அங்கிள்."

இசக்கிப்பாண்டி அந்த வரியைப் படிக்கவே இல்லை. அவர் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் பக்கத்தில் ரயில்பாதை. ஷைஸ்தா பெரிதாக்கிக் காட்ட, பாதை மேற்கே பச்சை மலைக்குள் போனது. போன கோடு ஓர் இடத்தில் புள்ளி புள்ளியாக மாறியது. மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி கோடாக வெளியே வந்தது.

"இந்தப் புள்ளி என்னதும்மா?"

"டனல் அங்கிள்."

அவர் அந்தப் புள்ளிகளின்மேல் விரலை ஓட்டினார். பிறகுதான் ஜெயினுலாப்தீன் வந்து அவர் தோளில் கை வைத்ததே தெரிந்தது. மகள் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். ஜெயினுலாப்தீன் உடனே போனை எடுத்தார்.

"என் மச்சினன் அஸாருதீன் கடையநல்லூர்லதான் இருக்கான். பைக்ல போனா அந்தா இந்தான்னு போயிருவான். நீரு சாயாவைக் குடியும்வே."

சாயா ஆறி, இன்னொரு சாயா வந்து, அதுவும் முடிந்த பிறகு போன் அடித்தது. ஜெயினுலாப்தீன் ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் டீக்கடைச் சத்தம்.

"மச்சான், புதூர்ல நிக்கேன். கேட்டுட்டேன். இங்க உள்ள ஆளுகளுக்கு எல்லாம் பங்குனி உத்திரத்துக்கு ரயில்ல குகைக்குள்ள போயி, ஆரியங்காவு ஸ்டேஷன்ல எறங்கணுமாம். அங்க உள்ள பெரிய சாஸ்தா கோயில் இல்லையாம், காட்டோரமா சின்னதா இன்னொரு அய்யன் கோயிலாம். பொம்பளையாளு, புள்ளகுட்டி எல்லாரும் போவாகளாம். இப்ப அது கேரளால இருக்கு. போதுமா?"

"போதும்டா," என்றார் ஜெயினுலாப்தீன்.

இசக்கிப்பாண்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான். ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை தேடி, இன்னொருவன் பைக்கில் போய்க் கேட்டு, அவருக்கு அவருடைய அய்யனைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெயினுலாப்தீன் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் சரிவே. அப்போ இந்த வருசம் எங்களுக்குச் சிக்கி கெடையாதா?"

இசக்கிப்பாண்டி கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"பாய்... உங்களுக்குத் தெரியுமா?"

"பம்பாய்ல பொறந்த புள்ளைக்கு லோனாவாலா சிக்கி தெரியாதா? கேம்ப்புக்கே தெரியும்வே. கோவில்பட்டிக்காரன் கிட்ட சிக்கியக் குடுத்து கடலமிட்டாய்ங்கீரு. அந்த மனுசன் பாவம், 'ஆமா அண்ணாச்சி, எங்க ஊரு ருசி'ன்னு தின்னுட்டுப் போறான்."

"ஒருத்தரும் சொல்லலியே."

"எதுக்குச் சொல்லணும்? சிக்கி நல்லாத்தானே இருந்துச்சு."

அன்று இசக்கிப்பாண்டி வீட்டுக்கு நடந்தே போனார். வழியில் வந்தவர்கள் எல்லாம் வழக்கம்போல, "என்ன அண்ணாச்சி, சோலி முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்கள். இத்தனை காலமாக இவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே அவர் கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றித் தின்றிருக்கிறார்கள். வெட்கம் வர வேண்டும், வரவில்லை. அந்தத் தெருவின்மேல் சொல்ல முடியாத பிரியம்தான் வந்தது.

வீட்டில் விஜயலட்சுமி தியாவின் முடிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். "விசயா, நான் இத்தன வருசமா போனது ஊருக்கு இல்லட்டி."

"தெரியும்," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "உங்க சட்டைப் பையில லோனாவாலா டிக்கெட் கெடக்கும். எடுத்துப் போட்டுட்டுத்தான் தொவைப்பேன்."

"கேக்கவே இல்லியே நீ?"

"போயிட்டு வரும்போது நல்லாச் சிரிச்ச மொகமா வருவிய. அத எதுக்குக் கெடுப்பானேன்? வேற எவளும் இருந்தா மூணு நாளுல எளைச்சிருப்பிய. நீங்க தொப்பை போட்டுல்லா வந்திய." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். கீதாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் தியாவும் சிரித்தது.

அவர் போனை எடுத்துச் சுடலைக்கண்ணனை அழைத்தார். இத்தனை நாளும் பம்மிய குரல் அல்ல இது. "மாப்ள, திருநெல்வேலிக்குப் போடு. அங்கேருந்து செங்கோட்டை வண்டி. அதுக்கு மேல குகை. எறங்குற ஸ்டேஷன் ஆரியங்காவு. எழுதிக்கோ."

பங்குனியில் எல்லோரும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். கர்ஜத் தாண்டி வழக்கமான குகைகள் வந்தன. இசக்கிப்பாண்டி எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மரம் கடந்தபோது, 'தப்பா எடுத்துக்கிடாதேயும், வாறேன்' என்று ம்ஹசோபாவிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷம் சோறு தண்ணி பார்த்துக்கொண்ட சாமி, அப்படியே விட்டுவிட முடியாது. லோனாவாலாவில் வண்டி நின்றபோது விஜயலட்சுமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு பெட்டி சிக்கி வாங்கினாள்.

"இது எதுக்குட்டி?"

"உங்க அய்யனுக்கு. நாம எங்கேருந்து வாறோம்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?"

செங்கோட்டையிலிருந்து புறப்பட்ட வண்டி புதூரைத் தாண்டி மலையைப் பார்த்துத் திரும்பியது. ஒரு வளைவு, ஒரு பாலம், பிறகு குகை. பெட்டி இருட்டானது. தியா கீச்சென்று கத்தியது. அந்த இருட்டில் இசக்கிப்பாண்டிக்கு அவருடைய அப்பா நினைவுக்கு வந்தார். இடுப்பில் துண்டோடு, கண்ணில் தண்ணீரோடு, கர்ஜத் மலைக்குகையில் நின்ற அப்பா. அவருக்கு அது எந்தக் குகை என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். தன் அய்யன் வாசலுக்குப் போக தைரியமில்லாத மனிதர், வழியில் கிடைத்த குகையில் கும்பிடு போட்டிருக்கிறார். இதை நினைத்ததும் அவருக்குத் தாங்கவில்லை. குகையில் வெளிச்சம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கோயில் சின்னதுதான். ஓட்டுக் கூரை, ஒரு கல்விளக்கு, சுற்றிலும் தேக்கு மரங்கள். புதூர்க்காரர்கள் அங்கங்கே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூசாரி, "எந்த ஊர்?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக இசக்கிப்பாண்டி அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னார்.

"புதூர். இருக்கது பம்பாயி."

"அப்ப இவர்தான் உங்களுக்கு," என்று பூசாரி உள்ளே போனார். அவருக்கு அது தினமும் சொல்கிற வார்த்தை.

சுடலைக்கண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் தியா. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. குழந்தை முதலில் அழுதது, பிறகு கண்ணை மறைக்க ஒன்றுமில்லை என்று கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, அவ்வளவு பெரிய மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தது. மொட்டையில் சந்தனம் பூசினார்கள். சிக்கிப் பெட்டி அய்யன் முன்னால் வாழையிலையில் இருந்தது.

இசக்கிப்பாண்டி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்காமலே நின்றார். கோயிலுக்குப் பின்னால் மலைச்சரிவில் நாலைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்க்க ஆள் யாரையும் காணோம். வெயில் சாயச் சாய அவை தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி, கீழே இறங்கும் பாதையில் நடக்கத் தொடங்கின.

"விசயா," என்றார். "எங்கப்பா அந்த மாட்டைத் தொலைச்சதுக்குத்தானே சாகுற வரைக்கும் இந்தப் பக்கம் வரல."

விஜயலட்சுமி மாடுகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"மாடு அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்திருக்கும்ங்க. மாமாதான் வாறதுக்கு இம்புட்டு நாளாயிட்டு. ஒடைங்க தேங்காய."